கேள்வி கேட்பதும் நோயா, டாக்டர்?

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நெய்வேலி நகரியத்தில், சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பாவின் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள் நான். கல்லூரி முடித்த கையோடு எனக்கு ஸ்கிசோஃப்ரினியா வந்தது. அப்போதிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன். உங்கள் பெயரையோ, உங்கள் மருத்துவமனை எந்த ஊரில் இருக்கிறது என்பதையோ இங்கே எழுதப் போவதில்லை. இந்தக் குறை உங்கள் ஒருவர் மேல் மட்டும் இல்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால், முன்பு பார்த்த டாக்டர்களைப் பற்றியும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் ஊர் நடராஜர் கோயிலில் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி இருக்கிறது. மனுவைப் போட்டுவிட்டு ஆராய்ச்சி மணியை அடித்துவிட்டு வருவார்கள். அம்மா எனக்காக அதில் நிறைய எழுதிப் போட்டிருக்கிறாள். நான் எழுதும் இந்த மனுவுக்கு நடராஜரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் மனது வைத்தால் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

குறை இதுதான். சென்ற முறை வந்தபோது, "மாத்திரையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? இன்னும் எத்தனை காலம் சாப்பிட வேண்டியிருக்கும்?" என்று கேட்டேன். நீங்கள் அப்பா பக்கம் திரும்பி, "வீட்ல ஒழுங்கா மாத்திரை போடுதா?" என்று விசாரித்தீர்கள். பிறகு என்னிடம், "இப்படிக் கேக்கத் தோணுதுன்னாலே நோய் இன்னும் முழுசா அடங்கலைன்னு அர்த்தம்மா" என்றீர்கள். மருந்துக்கடைக்குப் போன பிறகுதான் சீட்டைப் பார்த்தேன். ராத்திரி மாத்திரையின் அளவு கூடியிருந்தது.

டாக்டர், மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்லும் கடிதம் இல்லை இது. அது எனக்கு என்ன செய்தது என்று உங்களைவிட எனக்குத் தெரியும். அந்த நாட்களில், ஷிப்ட் பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தத்துக்குள் என் பெயர் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாமி என்னைப் பற்றி யாருக்கோ தகவல் சொல்கிறாள் என்று நம்பினேன். குழம்பில் ஏதோ கலந்திருக்கிறது என்று வெறும் வாழைப்பழம் தின்று கிடந்தேன். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் அந்தக் குரல்கள் தூரத்து ரேடியோ போல ஆகி, பிறகு நின்றன. இன்று நான் போர்டின் முன்னால் நின்று பித்தகோரஸ் தேற்றம் நடத்துகிறேன் என்றால் அதில் மாத்திரைக்கும் பங்கு உண்டு.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் பக்கம் கரையேறியபோது மாவட்டமே முறிந்து கிடந்தது. பண்ருட்டிப் பலா மரங்களும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் இல்லை, பாதைகள் அடைபட்டுக் கிடந்தன. கையிலிருந்த அட்டை தீர்ந்தது. புது அட்டை வாங்க வழியில்லை. முதலில் தூக்கம் போனது. பிறகு மாமி மறுபடியும் சுவருக்குப் பின்னால் பேச ஆரம்பித்தாள். அதிலிருந்து மீண்டுவர எனக்கு மாதக்கணக்கில் ஆனது. எனவே "மருந்து தேவையே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பும் சொந்தக்காரர்களின் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

மருந்து வருவதற்கு முன் என்ன இருந்தது என்பதையும் படித்திருக்கிறேன். 1952-ல் பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரண்டு மருத்துவர்கள் குளோர்புரோமசைனை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பு பெரிய மதில், பூட்டிய அறை, கட்டிவைக்கும் சட்டை இவைதான் பெரும்பாலும் வைத்தியம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அவர்களுக்கு மாத்திரையும் மருத்துவரும் காலத்தில் கிடைத்திருந்தால் பலர் இன்று வீட்டில் இருந்திருப்பார்கள். இதை நான் எந்த நாளும் மறுக்கப் போவதில்லை.

இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கேட்கிறேன். மாத்திரை கொடுத்ததை மட்டும் கணக்கில் எழுதிவிட்டு, எடுத்துக்கொண்டதை யார் எழுதுவது?

முதலில் ஓலன்சபின் கொடுத்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவும்போதே மறுபடி பசித்தது. ராத்திரி எழுந்து பழைய சோற்றுப் பானையைத் தேடும் பசி அது. பழைய சுடிதார் எதுவும் சேராமல் போனது. "வீட்லயே உக்காந்து தின்னுட்டே இருந்தா இப்படித்தான்" என்று சித்தி சொன்னாள். பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. இந்த மருந்துகளை ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதத்திலும் பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவு சங்கமும் மனநல மருத்துவ சங்கமும் சேர்ந்து 2004-லேயே சொல்லிவிட்டன. என்னை யாரும் எடை மெஷினில் ஏறச் சொன்னதில்லை.

அடுத்து ரிஸ்பெரிடோனுக்கு மாற்றினார்கள். மாதவிலக்கு நின்றது. கொஞ்ச நாளில் மார்பில் பால் கசிந்தது. கல்யாணம் ஆகாத எனக்கு அது என்ன பயத்தைத் தந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பிரமை என்று எழுதி இன்னொரு மாத்திரை சேர்த்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். அதனால் மாதவிலக்கு நிற்கலாம், பால் சுரக்கலாம். மருந்தின் உறைக்குள் இருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தில்கூட இது இருக்கிறது. ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம். "இப்படி ஆகலாம், ஆனா வந்து சொல்லும்மா" என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கமில்லாத ராத்திரிகள் மிச்சமாகியிருக்கும்.

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும். டியூஷன் பிள்ளைகள் முன்னால் அரை மணி நேரம் ஒரே இடத்தில் இருக்க முடியவில்லை. இதற்கு அகதீசியா என்று பெயர், மருந்தால் வருவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நோய் முற்றி அலைபாய்வதாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மருந்தைக் கூட்டுவார்கள். கூட்டினால் கால் இன்னும் துடிக்கும். விறைப்புக்கென்று கொடுத்த டிரைஹெக்சிஃபெனிடில் நாக்கை வறள வைத்தது. போர்டில் பாதிக் கணக்கில் எந்த எண்ணை வைத்திருந்தேன் என்று மறந்து நின்றேன். கணக்கு டீச்சருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளக் கேட்பது என் உரிமை என்று சட்டமே சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல் வந்து, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-வது பிரிவு, என் நோய் என்ன, எனக்குத் தரப்போகும் சிகிச்சை என்ன, அதன் அறியப்பட்ட பக்க விளைவுகள் என்ன என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. 25-வது பிரிவின்படி என் மருத்துவக் குறிப்புகளை நான் கேட்டுப் பார்க்கலாம். 4-வது பிரிவு இன்னும் முக்கியமானது. நான் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக, முடிவெடுக்கும் திறனே எனக்கு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்று அது தெளிவாக எழுதியிருக்கிறது. முடிவுக்கே இந்தப் பாதுகாப்பு என்றால், நான் கேட்டது வெறும் கேள்விதானே டாக்டர்?

இனி என் கேள்விக்கு வருகிறேன். கணக்கு என் பிழைப்பு என்பதால் கணக்காகவே பேசுகிறேன்.

2012-ல் லான்செட் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. மருந்துக்குப் பதில் வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்குத் திரும்பியது. இதை நூறு பேரை வைத்து என் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறேன். 27 பேருக்கு மருந்து இருந்தும் திரும்புகிறது. 36 பேருக்கு மருந்து இல்லாவிட்டாலும் அந்த வருடம் திரும்பவில்லை. நடுவில் உள்ள 37 பேரைத்தான் மருந்து காப்பாற்றுகிறது. 37 என்பது சின்ன எண் இல்லை. மருத்துவத்தில் இவ்வளவு தெளிவாக உதவும் மருந்துகள் குறைவு என்று எனக்கும் புரிகிறது. ஆனால் நான் அந்த மூன்று கூட்டத்தில் எதில் இருக்கிறேன்? என் முகத்தைப் பார்த்தோ ரத்தத்தைப் பார்த்தோ இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல முடிந்ததுபோல "ஆயுசுக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறீர்களே, அதுதான் என் மனக்குறை.

ஆய்வுகளே ஒன்றோடொன்று மோதுகின்றன. நெதர்லாந்தில், முதல் முறை நோய் வந்து தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்தார்கள். ஏழு வருடம் கழித்து 2013-ல் வெளியான முடிவில், குறைத்தவர்களில் 40 சதவீதம் பேர் முழுமையாக மீண்டிருந்தார்கள். அப்படியே தொடர்ந்தவர்களில் 18 சதவீதம்கூட இல்லை. இதைப் படித்துவிட்டு நான் துள்ளினேன் என்று நினைக்காதீர்கள். ஹாங்காங்கில் இதே போன்ற முதல் முறை நோயாளிகளில் சிலருக்கு ஒரு வருடம் மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2018-ல் வந்த அதன் பத்தாண்டு முடிவு நேர் எதிர். நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேர் மோசமான நிலையில் இருந்தார்கள். தொடர்ந்தவர்களில் 21 சதவீதம் பேர். இங்கிலாந்தில் நீண்டகால நோயாளிகள் 253 பேரை வைத்துப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வந்தது. இரண்டு வருடத்தில் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்குக் கடுமையாக நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு. குறைத்தால் வேலை, பழக்கவழக்கம், உறவு எல்லாம் மேம்படும் என்று எதிர்பார்த்தார்கள். அதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்த எண்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான். தொடர்வதிலும் விலை இருக்கிறது, குறைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. எதை ஏற்றுக்கொள்வது என்பதில் உடம்புக்குச் சொந்தக்காரிக்கும் ஒரு ஓட்டு வேண்டும்.

"அதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்பீர்கள். சென்னைக் கதையும் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். அதே அமைப்பைச் சேர்ந்த டாக்டர் தாராவும் அவருடன் இருந்தவர்களும் 1980-களின் தொடக்கத்திலேயே, முதல் முறை ஸ்கிசோஃப்ரினியா வந்த 90 பேரைப் பின்தொடர ஆரம்பித்து, இருபத்தைந்து வருடம் விடாமல் பார்த்தார்கள். சிலருக்கு ஒரே தடவையோடு போயிற்று. பெரும்பாலானோருக்கு வந்து வந்து போயிற்று. கொஞ்சம் பேருக்கு விடவே இல்லை. நம் ஊர் நோயாளிகளிலேயே இத்தனை வகை இருக்கும்போது, சீட்டு மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறது. மாத்திரையோடு வேலையும் குடும்பமும் பழகும் மனிதர்களும் வேண்டும் என்று சாரதா மேனன் வாழ்நாள் முழுக்கச் சொன்னதும், அதற்கென்றே தொழிற்பயிற்சியும் பகல்நேர மையமும் நடத்திய ஸ்கார்ஃபின் வேலையும் நம் மாவட்டத்து ஓ.பி. சீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மருந்தில்லாமல் வாழ்வதைத் தேர்ந்தெடுத்தவர்களும் இருக்கிறார்கள். புனேயைச் சேர்ந்த ரேஷ்மா வள்ளியப்பன் தன் பெயரோடும் முகத்தோடும் அதைப் பற்றிப் பேசினார். அவரைப் பற்றி அபர்ணா சன்யால் எடுத்த ஆவணப்படம் தேசிய விருது வாங்கியது. அவருடைய வழி எனக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. தானே புயலை நான் மறக்கவில்லை. ஆனால் அப்படி ஒருவர் இருப்பதை என் டாக்டரிடம் உரக்கச் சொல்லவே நான் பயப்பட வேண்டியிருக்கிறதே, அது சரியா?

கேட்க இடமில்லாத கேள்வி எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? நாக்குக்கு அடியில் போகும். வாஷ்பேசினில் போகும். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் ஒரு தம்பி மாத்திரையை முழுங்குவதுபோல் காட்டிவிட்டுத் துப்பிவிடுகிறான். அவனுடைய அம்மா அதைக் கண்டுபிடித்ததிலிருந்து சொட்டு மருந்து வாங்கிக் காபியில் கலந்து கொடுக்கிறாள். வீட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று நம்பும் நோயாளிக்கு, வீட்டில் காபியில் உண்மையிலேயே ஒன்றைக் கலக்கிறார்கள். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி அவளுக்கு யாரும் காட்டவில்லை. அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், கொடுத்த மருந்தைப் பதினெட்டு மாதத்துக்குள் நிறுத்தியவர்கள் அல்லது மாற்றியவர்கள் 74 சதவீதம். நாலில் மூன்று பேர் செய்யும் காரியத்தை நோயாளியின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியுமா?

நகரியத்தைப் பற்றியும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே ஒரே வட்டத்தில் குடியிருப்பவர்கள் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள், ஒரே பஸ்ஸில் போகிறார்கள், ஒரே கடையில் காய் வாங்குகிறார்கள். என் மாத்திரையை அப்பா மெயின் பஜாரில் வாங்குவதில்லை. வடலூர் போய் வாங்கி வருகிறார். கடையில் தெரிந்த முகம் பார்த்துவிட்டால் மறுநாள் சுரங்கம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். வரன் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "பொண்ணு ஏதாச்சும் ரெகுலரா மாத்திரை சாப்பிடுதா?" என்று நேரடியாகவே கேட்டார். கல்யாணத்துக்காகச் சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, மாமியார் வீட்டில் போய் நோய் திரும்பிய பெண்களின் கதை உங்கள் பெஞ்சில் எப்போதும் ஒன்று இருக்கும். நிறுத்த நினைப்பவர்கள் எல்லாம் நோயால் நினைப்பதில்லை. ஊராலும் நினைக்கிறார்கள்.

அப்பாவுக்கும் எனக்கும் இதில் சண்டை நடப்பது உண்டு. சுரங்கத்தில் காலமெல்லாம் உழைத்தவர் அவர். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. இரவும் பகலும் பம்பு போட்டு இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கி உடையும்.

"பம்பை நிறுத்துனா மைன்ஸ் என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா பாப்பா? அதே மாதிரிதான் இதுவும்" என்றார்.

"தெரியும்பா. ஆனா தண்ணி மட்டம் எவ்வளவு இருக்குன்னு கிணறு போட்டு அளந்து பாத்துதானே எத்தனை பம்பு ஓடணும்னு முடிவு பண்றீங்க? எனக்கு யாருப்பா அளந்து பாத்தாங்க?" என்றேன்.

அப்பா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுக்கப்புறம் உன்னை யாரு பாத்துப்பாங்கன்னுதாம்மா பயம்" என்றார். அவருக்கு ஓய்வு வந்தால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் மகள் ஒரு நிலைக்கு வர வேண்டும், நடுவில் ஒரு தடவைகூட நோய் திரும்பிவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவருடைய பயத்துக்கு நீங்கள் செவி கொடுக்கும்போது, என் உடம்புக்கும் கொஞ்சம் செவி கொடுங்கள்.

அளவைப் பற்றியே ஒரு விஷயம் சொல்கிறேன். டொராண்டோவில் ஷிதிஜ் கபூர் குழுவினர் மூளையை ஸ்கேன் செய்து, இந்த மருந்துகள் டோபமைன் ஏற்பிகளில் எத்தனை சதவீதத்தை அடைக்கின்றன என்று பார்த்தார்கள். ரிஸ்பெரிடோன் 2 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 66 சதவீதம், 4 மில்லிகிராமுக்கு 73, 6 மில்லிகிராமுக்கு 79. சுமார் 65 சதவீதம் அடைந்தாலே மருந்து வேலை செய்யும் வாய்ப்பு கூடுகிறது. 78-ஐத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஹாலோபெரிடாலை வைத்து அவர்கள் கண்டார்கள்.

இந்த எண்களை வரைபடத் தாளில் குறித்தால் நேர்கோடு வராது. வளைந்த கோடுதான் வரும். 6-லிருந்து 4-க்கு இறங்கினால் மூளையில் குறைவது வெறும் 6 சதவீதம். 2-லிருந்து பூஜ்யத்துக்குப் போனால் 66 சதவீதமும் ஒரேயடியாகப் போகிறது. இரண்டுமே சீட்டில் 2 மில்லிகிராம்தான். குறைப்பவர்கள் பலர் முதலில் நன்றாக இருந்துவிட்டுக் கடைசிப் படியில் விழுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லி, அடிப்பக்கம் போகப் போக மிகச் சின்னச் சின்னப் படிகளாக, மாதக்கணக்கில் இறங்க வேண்டும் என்று 2021-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். வீட்டில் கத்தியால் மாத்திரையை இரண்டாக வெட்டிக்கொண்டு செய்யும் வேலை இல்லை இது. உங்களைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் முடியும். "குறைக்கலாமா?" என்று உங்களிடம் கேட்பவள் உங்களை நம்பித்தான் கேட்கிறாள். நம்பாதவர்கள் கேட்பதே இல்லை.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது ஒருத்தியிடம் வரைபடம் பேச நேரம் எங்கே என்பீர்கள். என் விண்ணப்பத்தைச் சிறியதாகவே வைக்கிறேன்.

ஒன்று. மருந்தை எழுதும் அன்றே அதனால் என்னென்ன ஆகலாம் என்று தமிழில் சொல்லுங்கள். மாதவிலக்கு, மார்பு, தாம்பத்தியம் போன்றவற்றை நோயாளியாகச் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாங்கள் சொல்ல மாட்டோம்.

இரண்டு. எடை மெஷின் ஒன்றும் டேப் ஒன்றும் அறையில் இருக்கட்டும். சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் புரோலாக்டின், இவற்றை நாங்கள் கேட்காமலே எழுதிக் கொடுங்கள். கை, வாய், நாக்கு தன்னிச்சையாக அசைகிறதா என்று பாருங்கள். அது நிலைத்துவிட்டால் போகாமலே இருந்துவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும்.

மூன்று. வருடத்துக்கு ஒரு முறையாவது, "இந்த மருந்து, இந்த அளவு, இன்னும் வேண்டுமா?" என்று நீங்களே கேள்வியை எடுங்கள். வேண்டும் என்றால் ஏன் என்று சொல்லுங்கள். காரணம் புரிந்தால் நான் சாப்பிடுவேன்.

நான்கு. குறைத்துப் பார்ப்பது என்று இருவரும் முடிவு செய்தால், அதற்கு எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும். எனக்கு முதலில் போவது தூக்கம்; அது போனால் யாரைக் கூப்பிடுவது, எந்த அளவுக்குத் திரும்புவது என்று முன்னாலேயே எழுதி அப்பாவிடமும் ஒரு பிரதி கொடுங்கள். நோய் முற்றிய நேரத்தில் எனக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று நான் முன்கூட்டியே எழுதி வைக்க அதே சட்டத்தின் 5-வது பிரிவு இடம் தருகிறது. அப்படி ஒன்று இருக்கிறது என்றே எங்களில் பலருக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்.

ஐந்து. கேட்ட கேள்விக்கான பதிலை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் இருப்பார், அவரும் கேட்டுக்கொள்வார்.

இதைப் படிக்கும் என் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கடிதத்தைக் காரணமாக வைத்து இன்று இரவு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அதை டாக்டரிடம் கொண்டுபோங்கள்; அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் கொண்டுபோங்கள். ராத்திரியில் பயம் வந்து பேச ஆள் இல்லை என்றால் அரசின் டெலி மனஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள்.

டாக்டர், அடுத்த முறை வரும்போது அதே கேள்வியை மறுபடியும் கேட்பேன். "குறைக்க முடியாது" என்று நீங்கள் சொல்லலாம். காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வேன், இல்லையென்றால் வாதாடுவேன். ஆனால் நான் கேட்டதையே நோயின் கணக்கில் சேர்த்து மருந்தைக் கூட்டாதீர்கள். அந்த ஒன்றை மட்டும் இனிமேல் நான் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி, கணக்கு டீச்சர்,
நெய்வேலி நகரியம்.